எஸ்தர் முதலில் தின்ற உருண்டை

மார்கழிக் குளிரில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். போடியிலிருந்து வந்த முதல் பஸ்சின் கண்டக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார். "ஒங்க கூட்டாளி எஸ்தரக்கா ராத்திரி தவறிட்டாங்களாம். நெஞ்சுவலியாம்" என்றார். நான் மீதித் தண்ணீரையும் தெளித்து முடித்துவிட்டுத்தான் அழுதேன். "சோலி நடக்கட்டும்டி, அழுகையை அப்புறம் பாத்துக்கலாம்" என்று என்னை அப்படிப் பழக்கி வைத்தவளே அவள்தான்.

போடி ஸ்டோரில் எங்களோடு வரிசையாக உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கிய உங்களுக்காக இதை எழுதுகிறேன். எஸ்தரின் வாயும் பாட்டும் உங்களுக்குத் தெரியும். சிலமலையிலிருந்து நடந்து வரும் நான் ஒரு நாள் பிந்தினாலும், "மகாராணி பல்லக்கு இப்பத்தான் வந்துச்சாக்கும்" என்பாள். அதோடு நில்லாமல் தன் முறத்திலிருந்து இரண்டு கை காயை அள்ளி என் முறத்தில் தள்ளி, மேஸ்திரி வருமுன் கணக்கைச் சரிக்கட்டிவிடுவாள்.

ஸ்டோருக்குள் நெருப்பு ஆகாது. காய் புகை வாசனையைப் பிடித்துக்கொண்டால் விலை போகாது என்பதால், டீத்தண்ணிக்குக்கூட அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் சேர்ந்து பலகாரம் செய்ய அங்கே வேறு வழியில்லை என்றுதான் எஸ்தர் அந்த அடுப்பில்லா உருண்டையைக் கண்டுபிடித்தாள். பொட்டுக்கடலை மாவு, சர்க்கரைப் பொடி, துருவிய கொப்பரை, சர்ச்சில் கொடுக்கும் பால் பவுடர், வெடித்த காயின் விதையைத் தட்டிய பொடி. வீட்டில் காய்ச்சி ஆற்றிய பாலைத் தெளித்துப் பிசைந்து உருட்டினால் முடிந்தது. ஜெபம் பண்ணுமுன் ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். ஒரு பெட்டி ஸ்டோர்ப் பிள்ளைகளுக்கு, ஒரு பெட்டி போடிமெட்டு எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்கு. அவள் அண்ணன் டேவிட் அந்த எஸ்டேட்டில் ஜீப்பு ஓட்டினார்.

அந்த வருஷத்தை நான் உங்கள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மெட்டுக்கு அப்பால் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியாக இருந்த காலம். எஸ்டேட்டுகளில் வெள்ளைப் பூச்சி மருந்துத் தூள் புதிதாக வந்திருந்தது. காலியான பால் பவுடர் டின்னில்தான் அதை அடைத்து வைப்பார்கள். டேவிட் அண்ணன் காலையில் சர்ச்சில் வாங்கிய பால் டின்னும் எஸ்டேட்டு மருந்து டின்னுமாக ஒரே மாதிரி இரண்டை ஸ்டோர் மூலையில் வைத்து, "செவரு பக்கம் இருக்கது பாலு, மத்தது மருந்து. போகும்போது எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எஸ்தர் என்னிடம், "எதுக்கும் மோந்து பாத்துட்டுக் கொண்டா" என்றாள். சுவர்ப் பக்கத்து டின்னைத் திறந்து முகர்ந்தேன். ஏலக்காய் வாசனைதான் வந்தது. நாள் முழுக்கக் காய்க்குள் கிடக்கும் மூக்குக்கு வேறு எந்த வாசனை ஏறும்? அதைச் சொன்னால் கேலி பண்ணுவாளென்று, "பாலுதான்" என்றேன்.

உருண்டை பிடித்து முடித்ததும், மதியம் டேவிட் அண்ணன் எஸ்டேட்டுப் பெட்டியையும் மற்ற டின்னையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு, கூட்டுகிற ராக்கம்மா சாவகாசமாகச் சொன்னாள், "காலையில கூட்டும்போது அந்த ரெண்டு டின்னையும் நகத்தி நகத்தி எனக்கு இடுப்பு போச்சு."

எந்த டின் எந்தப் பக்கம் திரும்பி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. எஸ்தர் என் தோளைப் பிடித்தாள். "நீ மோந்து பாத்தேல்ல?"

"பாத்தேன். ஏலக்கா வாசனைதான் வந்துச்சு."

திட்டுவாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போய், "பெசையும்போது நானும் மோந்தேன்டி. எனக்கும் அதேதான்" என்றாள். ஸ்டோர்ப் பெட்டியை மேஸ்திரி அறையில் வைத்துப் பூட்டினோம். வேலையாட்களை ஏற்றிப் போன இன்னொரு ஜீப்பில் தொற்றிக்கொண்டோம். ஒவ்வொரு வளைவிலும் எனக்குப் பிள்ளைகளின் வாய்தான் கண்ணுக்குள் நின்றது. எஸ்தர் ஜெபம் பண்ணவில்லை. "வெரசாப் போங்கண்ணே, வெரசாப் போங்க" என்று டிரைவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேலையாட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எஸ்தர் ஓடிப்போய்ப் பெட்டியின் மேலேயே விழுந்தாள். ஆனால் வரிசைக்கு முன்னாலேயே ஒரு சின்னப் பெண், செல்லி என்று பெயர், ஒன்றைத் தின்றுவிட்டாள். டேவிட் அண்ணனின் ஜீப்பும், திறந்து பார்த்தால் உண்மை தெரியக்கூடிய அந்த மற்ற டின்னும் மேல்காட்டுக்குப் போயிருந்தன. திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். ஆஸ்பத்திரி என்றால் மறுபடி போடிக்குத்தான் இறங்க வேண்டும். நாங்கள் வந்த ஜீப்பும் போய்விட்டது.

உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றினோம். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு துப்பியது. "எம்பிள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க?" என்று அவள் தாய் தலையில் அடித்துக்கொண்டாள். எஸ்தர் பெட்டியைத் திறந்தாள். ஒரு உருண்டையை எடுத்து, அந்தத் தாயின் கண்ணெதிரே மென்று விழுங்கினாள். "தப்பு என்னுதுதான் ஆத்தா. ஒம்பிள்ளை வயித்துல இருக்கது என் வயித்துலயும் இருக்கட்டும்" என்று சொல்லி அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

தப்பு அவளுடையது மட்டுமா? 'பாலுதான்' என்று சொன்னது யார்? பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என் கை சேலைக்குள்ளேயே இருந்தது. வீட்டில் எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று மனசுக்குள் சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவளுக்கும் கைக்குழந்தை ஒன்று இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் செல்லியின் முகத்தையும் எஸ்தரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தரின் நெற்றியில் வேர்த்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

ஜீப்பு வந்தது. மலையாளத்து சூப்பர்வைசர் டின்னைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அய்யோ, இது மருந்நு" என்றார். அப்படியானால் உருண்டையில் இருப்பது பால். செல்லி இன்னொன்று கேட்டாள். அவள் தாய் எஸ்தரின் மடியில் சாய்ந்து அழுதாள்.

நான் ஏன் எடுக்கவில்லை என்று எஸ்தர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை. பல மாதம் கழித்து நானாகவே, "ஒனக்குப் பயமாயில்லையா?" என்றேன். "கை காலெல்லாம் ஆடிருச்சுடி. ஆனா அந்தத் தாய் தனியாப் பயப்படக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டுக் காய் பொறுக்கப் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு மறுநாள் அவள் வீட்டில் ஜெபம். அவள் மகள் அம்மாவின் ஆசைப்படி, இந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் உருண்டையைப் பிசைந்து ஒரு தாம்பாளம் நிறைய வைத்திருந்தாள். ஜெபம் முடிந்தும் யாரும் தொடவில்லை. சாவு வீட்டுப் பலகாரம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று தாய்மார்கள் அவர்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள், நான் குறை சொல்லவில்லை. அந்தப் பெண் தாம்பாளத்தை ஏந்தியபடி நடுங்கிக்கொண்டு நின்றாள்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: பயப்படுகிறவர் பக்கத்தில் போய் உட்காருவது. அதைக் கற்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எழுந்து போனேன். அவளை ஒட்டி நின்றேன். எந்த டின் என்று கேட்காமல் முதல் உருண்டையை எடுத்துத் தின்றேன்.