ஆறு கறுப்பும் அவர் முகமும்

எங்கள் வீட்டில் யார் போட்டோவுக்கு நின்றாலும் முந்திக்கொண்டு கேமராவைக் கையில் வாங்குவது என் கணவர்தான். என்ன நல்ல மனசு என்று எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கல்லவா தெரியும், படத்தில் விழாமல் தப்பிக்க மனுஷன் கண்டுபிடித்த வழி அது! அவர் நல்ல கறுப்பு. விழிஞ்ஞம் துறைமுகத்தில் வெயிலில் நின்று வேலை பார்த்து இன்னும் கறுத்துப்போனார். நானோ வெளுப்பு. சேர்ந்து நின்றால் நான் பளிச்சென்று விழுவேன், அவர் முகம் இருண்டுவிடும். கல்யாண ஆல்பத்தில் ஸ்டுடியோக்காரன் அவரை வெளுத்துக் கொடுத்தான். பார்த்தால் முன்பின் தெரியாத ஒருவனுக்கு நான் மாலை போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஆல்பத்தைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்னை விட்டுடு. பல்லு மட்டும்தான் விழும், கேட்டோ" என்று மலையாளம் கலந்து சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்கு அது வலிக்கும். எனக்கு அந்த முகம் அவ்வளவு பிடிக்கும். அது அப்படியே ஒரு காகிதத்தில் வேண்டும், சுவரில் மாட்ட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஸ்ரீவராகத்து வீட்டு ஜன்னலோரம் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கேமராவோடு போய் நின்றேன். இதுவும் சரியாக வராவிட்டால் ஆயுசுக்கும் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் தலையை ஆட்டினார். ஆர்வத்தோடு வீட்டு பிரிண்டரில் போட்டேன். கறுப்பு வெள்ளை என்று பேர்தான். நிழலெல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சை, முகம் முழுக்க ஒரே கறுப்பாக அப்பிக் கிடந்தது. அவர் கண்ணில் படுவதற்குள் சுருட்டி ஒளித்துவிட்டேன்.

ஏன் பச்சை என்று இன்டர்நெட்டில் தேடப்போய்த்தான் அந்த வித்தை கிடைத்தது. கலர் பிரிண்டர் சாம்பல் நிறத்தையே நீலம், மஞ்சள், சிவப்பைக் கலந்துதான் ஒப்பேற்றுகிறதாம். அந்தக் கலரையெல்லாம் கழுவிக் கொட்டிவிட்டு, ஆறு கார்ட்ரிட்ஜிலும் கரியில் செய்த மையையே நிரப்பலாமாம். ஒன்றில் முழுக் கறுப்பு. மற்ற ஐந்திலும், மோரில் தண்ணீர் விடுகிற மாதிரி, நிறமில்லாத திரவத்தை விட்டு விட்டு மெலிதாக்கிக்கொண்டே போக வேண்டும். அடடா, இதுவல்லவோ வேண்டியது என்று துள்ளினேன். ஆபீஸ் தோழி மூலையில் போட்டிருந்த பழைய பிரிண்டரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். சிரிஞ்சும் கையுமாக நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஆஸ்பத்திரி திறந்துவிட்டாயா என்று கேட்டார். எதற்கென்று நான் சொல்லவில்லை.

முதலில் ஒரு சோதனைப் பட்டை அடித்தேன். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் சின்னச் சின்னக் கட்டங்கள். வெளிச்சப் பக்கம் பிரமாதம். இருட்டுப் பக்கத்தில் கடைசி ஐந்து கட்டங்களும் ஒன்றோடொன்று கலந்து ஒரே கட்டமாகியிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் முகம் முழுக்க அந்த ஐந்து கட்டத்துக்குள்தானே இருக்கிறது!

கம்ப்யூட்டரில் மையின் அளவைக் குறைத்துப் பார்த்தேன், போதவில்லை. வெளியே மழை விடாமல் கொட்டியது. இதற்கென்றே வாங்கி வைத்திருந்த பஞ்சுக் காகிதத்தைத் தொட்டேன், ஈரத்தில் துவண்டு கிடந்தது. மை ஊறிப் பரவாமல் என்ன செய்யும்? உடனே அவருடைய வேஷ்டியை மேலே விரித்து, காகிதத்தை இஸ்திரி போட்டேன். வெறும் காகிதத்துக்குச் சூடு காட்டுகிற பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு, அவர் தானே தோசை வார்க்க அடுக்களைப் பக்கம் போய்விட்டார்.

சூடு ஆறுவதற்குள் பட்டையை அடித்தேன். ஐந்து கட்டமும் தனித்தனியாக வந்தது! ஜன்னலோரத்தில் எடுத்த அவர் படத்தைக் கொடுத்தேன். பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று கோடு கோடாகத் தள்ளியது. நெற்றி வந்தது. ஹெல்மெட் வார் பதிந்த தடம் வந்தது. கன்னத்து மேடு, மூக்கோரத்துக் குழி, கண்ணுக்குக் கீழே மின்னுகிற அந்தக் கறுப்பு, எல்லாம் வந்தது. ஏன்னா, இங்கே வாங்கோ என்று நான் போட்ட கூச்சலில் தோசைத் திருப்பியோடு ஓடிவந்தார்.

படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"இப்படித்தான் இருக்கேள். நான் தினமும் பாக்கறது இதைத்தான்."

தோசைத் திருப்பியை என் கையில் திணித்துவிட்டு, தானே கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, டைமரை வைத்து, "வா, கூட நில்லு" என்றார்.

அந்தப் படத்தையும் அப்போதே அடித்தோம். அவர் முகத்துக்கென்று கேமராவில் நான் ஏற்றி வைத்திருந்த வெளிச்ச அளவு மாறாமல் இருந்ததால், அவர் நரம்பு நரம்பாகத் தெரிந்தார். பக்கத்தில் எனக்கு மூக்கும் இல்லை முழியும் இல்லை, அரிசிமாவில் பிடித்து வைத்தது போல ஒரு வெள்ளைத் தலை. கண்ணில் தண்ணீர் வர அவர் சிரித்தார். "இப்போ உன்னைத்தான் காணோம்."

ஒரு நாள் பொறுங்கோ, சரிபண்ணி வேறே அடித்துத் தருகிறேன், இதை மாட்டாதேங்கோ என்று கெஞ்சினேன். எங்கே காதில் விழுந்தது? அவர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.