லிஸ்பன் மாப்பிள்ளை, ஹெல்சிங்கி பெண்

போன மாதம், அமெரிக்காவில் நான் குடியிருக்கும் எடிசனில், ஞாயிறு பூசை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் ஒரு கல்யாணத்தை முடித்து வைத்தேன். அதாவது... முடித்து வைத்துவிட்டதாக நினைத்தேன்.

திருச்சியில் இருக்கும் அக்காவின் மகன் ஜெரோம், லிஸ்பனில் வேலை பார்க்கிறான். வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தவன். "இன்னும் ஒரே ஒரு பொண்ணைப் பாக்கறேன். அதோட என்னை விட்டுடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டான். அந்த ஒரே ஒரு பெண்ணைத் தேடும் பொறுப்பை அக்கா என் தலையில் கட்டினாள். நான் வெளிநாட்டு விவரம் தெரிந்தவனாம்!

காபி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஸ்டெல்லா. எங்கள் கோயிலில் பாடுபவர். இங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகள் அனிதாவுக்கு இப்போது ஹெல்சிங்கியில் வேலை.

"நம்ம ஜெரோமும் யூரோப்தான்மா!" என்றேன்.

"அப்படியாண்ணா? அப்போ பக்கம்தான். ஒரு வீக்கெண்ட் மீட் பண்ணச் சொல்லுங்களேன்."

"வீக்கெண்ட் எதுக்கு? சனிக்கிழமை லஞ்சுக்குப் போனா, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்."

இருவருக்கும் பரம திருப்தி. அன்று மாலையே ஜெரோமுக்கு போன் போட்டேன்.

"மாமா, நேர் ஃப்ளைட்டே நாலரை மணி நேரம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல! கன்னியாகுமரியிலேர்ந்து காஷ்மீர் இதைவிடப் பக்கம்."

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். சென்னை உறவினர் ஒருவர் என்னிடம் ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்து, "டல்லாஸ்ல என் மச்சினன் இருக்கான், ஆபீஸ் போற வழியில குடுத்துடுங்க" என்று சொன்னதை இதே பத்தியில் எழுதி அவர் மானத்தை வாங்கினேன். அமெரிக்காவை ஒரே தெருவாக நினைக்கிறாரே என்று சிரித்தேன். இப்போது நான் ஐரோப்பாவைத் தெருவாக்கியிருக்கிறேன். நாம் குடியிருக்காத கண்டம் எதுவுமே நமக்குச் சின்னதுதான் போலிருக்கிறது!

"சரி, டிக்கெட் போடறேன். இதான் அந்த ஒரே பொண்ணு. அப்புறம் கேக்கக் கூடாது" என்றான் ஜெரோம். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அக்காவின் கடைசி நம்பிக்கையை வரைபடம் பார்க்காமல் வீணடித்துவிட்டேனோ?

சனிக்கிழமை போனான். தகவல் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து ஸ்டெல்லாவும் நானும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறிப்போன காபியைக் கொட்டப் போகும்போது வீடியோ கால் வந்தது. அனிதா.

"அங்கிள், டிட் யூ ஈவன் லுக் அட் எ மேப்?"

பக்கத்தில் ஜெரோம், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். சந்தித்த முதல் ஒரு மணி நேரமும் என் பூகோள ஞானத்தைப் பற்றித்தான் பேசினார்களாம். "ரிட்டர்ன் டிக்கெட்டை மாத்திட்டேன் மாமா" என்றான். ஸ்டெல்லா அங்கேயே அழுதுவிட்டார்.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால், இருவருமே வேலையை விடுவதாக இல்லை. கொஞ்ச காலத்துக்கு அவன் லிஸ்பனில், இவள் ஹெல்சிங்கியில். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ரெண்டும் யூரோப்தானே தம்பி? பக்கம்தான், சமாளிச்சுக்குவாங்க" என்றாள்.

நான் திருத்தவில்லை.