செவலை யார் மாடு?

மூன்று வருஷத்துக்கு முன்னால், வைகாசி மாதம், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கோயில் திருவிழாவில் நடந்தது இது. அந்த ஊர் மாட்டுவண்டிப் பந்தயம் எங்கள் பக்கத்தில் பேர்பெற்றது. பந்தயம் ஓடுகிற செம்மண் சாலைக்குத் தார் போட வந்தபோது, மாட்டுக் குளம்புக்கு ஆகாது என்று ஊரே கூடி மறித்துத் திருப்பி அனுப்பியது. நான் கல்யாணமாகி வந்த நாளிலேயே அது பழைய பந்தயச் சாலைதான். அங்கே ஒருமுறை ஜெயித்த மாட்டைப் பற்றி டீக்கடையில் வருஷக் கணக்காகப் பேசுவார்கள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அந்தச் சாலையில் எங்கள் மாடு ஓடாத வருஷம் கிடையாது. தண்ணீர் காட்டுவது, பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது, கொட்டிலைக் கூட்டுவது எல்லாம் நான். மைக்கில் வருவது அவர் பேர். அதில் எனக்குக் குறை இல்லை. மாட்டை வாங்கியவர் அவர், பழக்கியவர் அவர்.

அவர் போன பிறகு எங்கள் பசு ஒரு செவலைக் கன்று போட்டது. அதை மட்டும் நான் யாரிடமும் விடவில்லை. மூக்கணாங்கயிறு குத்தியபோது தலையைப் பிடித்துக்கொண்டது நான். தண்ணீர் கட்டிய வயலில் சேற்றில் நடத்திக் கால் உரமேற்றியது நான். குளத்தில் நீந்தவிட்டுக் கரையில் நின்று குரல் கொடுத்ததும் நான்தான். வண்டியில் பூட்டி ஓட்டிப் பழக்க மட்டும் கொழுந்தன் மகன் வந்தான். நல்ல சாரதி. நாலு ஊரில் அவனை வண்டியோட்டக் கூப்பிடுவார்கள்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. செவலை என் பேரில் ஓட வேண்டும். எங்கள் ஊரில் என்னை இன்னார் பெண்சாதி என்பார்கள், இன்னார் அம்மா என்பார்கள். நாலு பேர் முன்னால் என் பேரை யாராவது சத்தமாகச் சொன்னது ரேஷன் கடையில்தான். அந்தச் சாலையில், மைக்கில், என் மாட்டுக்கு முன்னால் அந்தப் பேரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பந்தய மாட்டை இரண்டு குடும்பத்தார் சேர்ந்து ஜோடி போட்டு ஓட்டுவது உண்டு. ஒருவருக்கு ஒரு மாடு, மைக்கில் இரண்டு பேர் பேரும் வரும். அதிராம்பட்டினத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் நல்ல மயிலைக்காளை ஒன்று இருந்தது. வந்தார், செவலையை நடக்கவிட்டுப் பார்த்தார். "அக்கா, இது நடக்கலக்கா, மெதக்குது" என்றார். அன்றைக்கே ஜோடி முடிவாகிவிட்டது. பேர் கொடுக்கப் போன கொழுந்தன் மகனிடம், "எம் பேரைக் குடுடா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

பந்தயத்தன்று காலையிலேயே சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். வண்டிகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக மைக்கில் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்தது. பாயின் பேரைச் சொன்னார்கள். அடுத்துச் சொன்னது என் கொழுந்தன் பேர்.

தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சாரதிப் பலகையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தேன். குனிந்துகொண்டான்.

"ஒங்க பேரைத்தான் சொன்னேன் பெரியம்மா. கேட்டுட்டு அங்கிருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. அப்பா பேரைச் சொல்லிட்டு வந்துட்டேன்."

மைக் மேசைக்கு நடந்தேன். பாயும் கூடவே வந்தார். "செவலை என் மாடு, என் பேரைச் சொல்லுங்க" என்றேன்.

மைக் பிடித்தவர் அதைக் கையால் மூடிக்கொண்டார். "ஆத்தா, இந்தப் பந்தயத்துல பொம்பளை பேர்ல மாடு விட்டதில்ல. வெயில்ல நிக்காதீங்க, அந்தப் பக்கம் மோர் குடுக்கிறாங்க, வாங்கிக் குடிங்க."

"நான் மோருக்கு வரல."

கொழுந்தன் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். "யார் பேரைச் சொன்னா என்ன அண்ணி? ஓடப்போறது நம்ம மாடுதானே?"

"யார் பேரைச் சொன்னாலும் ஒண்ணுன்னா என் பேரைச் சொல்லிட்டுப் போகட்டுமே."

பாய் மெல்ல, "அவங்க மாடுதாங்க, நான் அவங்ககிட்டதான் ஜோடி பேசுனேன்" என்றார். "பாய், ஒங்க பேரு வருதுல்ல? அப்புறம் என்ன?" என்றார் மைக் பிடித்தவர். பாய் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வண்டிப் பக்கம் போய்விட்டார். நல்ல மனுஷர். எனக்கு அன்றைக்கு ரொம்ப வலித்தது அதுதான்.

செவலையை நுகத்திலிருந்து அவிழ்த்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். என் குரலுக்கு அது வரும். ஆனால் பக்கத்தில் மயிலை பூட்டி நின்றது. அதுவும் ஒருவர் ஊட்டி வளர்த்த மாடு. அவிழ்க்கவில்லை.

கொடி ஆட்டினார்கள். அவ்வளவு வண்டியும் ஒரே புழுதியாகக் கிளம்பிப் போனது. அப்புறம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எல்லை வரை போய்த் திரும்பி வரவேண்டும். முன்னால் போகிற மைக் வண்டிக்காரர் சொல்வது மரத்தில் கட்டிய குழாயில் கேட்கும், அதை வைத்துத்தான் பந்தயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வருது வருது, செவலையும் மயிலையும் வருது! மாமியார் வீட்டு விருந்துக்குப் போற மாப்பிள்ளை மாதிரி வருது! பின்னாடி வர்ற வண்டி, என்ன, அடுத்த வருஷப் பந்தயத்துக்கு இப்பவே கெளம்பிட்டீங்களா?" என்று அவர் கத்தக் கத்த ஜனங்கள் சிரித்தார்கள். ஒரு வண்டியை முந்தும்போது கொழுந்தன் பேர். எல்லையில் திரும்பும்போது கொழுந்தன் பேர். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், வெளியூர் போலிருக்கிறது, "யார் மாடும்மா அது, இந்த ஓட்டம் ஓடுது?" என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் குழாய் பதில் சொல்லிவிட்டது. "ஓ, அவருதா" என்று அந்தப் பெண் திரும்பிக்கொண்டது.

செவலை முதலாவதாக வந்தது. வாயில் நுரை, உடம்பெல்லாம் செம்மண். அந்த நேரத்தில் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஊரோடு சேர்ந்து நானும் கத்தினேன். அப்படிச் சந்தோஷம் வந்ததே என்றுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மேடையில் பாய்க்கும் கொழுந்தனுக்கும் பொன்னாடை போட்டார்கள். கொழுந்தன் மைக்கை வாங்கி, செத்துப்போன அண்ணனை நினைத்துக் கண் கலங்கினார். மாடு வளர்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறங்கி வந்து கோப்பையை என்னிடம் நீட்டினார். "அண்ணி, ஒங்க வீட்லயே வச்சுக்கங்க."

"பேர் ஒங்களுது, கோப்பையும் ஒங்களுதாவே இருக்கட்டும். மாட்டை மட்டும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.

மறு வருஷம் திருவிழாக்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஜெயித்த மாடு வந்தால்தான் பந்தயத்துக்கு அழகு என்றார்கள். காப்பி கொடுத்தேன். "என் பேரைச் சொல்வீங்களா?" என்றேன்.

"வழக்கமில்லையே ஆத்தா. ஒங்க மகன் பேர்ல விடுவோமே. சிங்கப்பூர்லதானே இருக்காரு?"

"அவனுக்குப் போன் போட்டு, செவலைக்கு வலது கொம்பு வளைஞ்சிருக்கா, இடது கொம்பு வளைஞ்சிருக்கான்னு கேட்டுட்டு வாங்க. தெரிஞ்சா அவன் பேர்லயே விடுங்க."

சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். அதற்கடுத்த வருஷம் வரவும் இல்லை. பாய் வேறு ஜோடி போட்டுவிட்டார். போன நோன்புப் பெருநாளைக்குச் செவலைக்கென்று ஒரு பை பேரீச்சம்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போனார். செவலைக்கு இப்போது பந்தய வயசு தாண்டிவிட்டது. எங்கள் வயலுக்கு எரு வண்டி இழுக்கிறது. பிடிவாதம் பிடித்து நல்ல மாட்டை வீணாக்கிவிட்டாள் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும். ஒரு பேரைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அதைச் செலவழிக்க அத்தனை பேரில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

இப்போதும் எந்த ஊரில் திருவிழாக் குழாய் சத்தம் கேட்டாலும் கைவேலையை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் காது கொடுக்கிறேன். என் பேர் வராது என்று தெரிந்தும் காது கொடுப்பது, அன்றைக்கு மைக் மேசையில் தோற்றதை விடக் கசப்பாக இருக்கிறது.