தூரி தூக்கிவந்த சொல்

பேருந்தைக் கடைசி நிறுத்தத்தில் போட்டுவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து தலையணை கனத்துக்கு ஓர் அகராதியை உருவுகிறாள் தூரி. அடுத்த நடைக்குப் பதினொரு நிமிடம் இருக்கிறது. ஒரு கையில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, மறு கையில் அகராதி. சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. உறைபனியில் இருபது வளைவு மலைப்பாதையைச் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டுகிறவள், ஒரு சொல்லுக்குத் தாத்தா யாரென்று தெரியாவிட்டால் மட்டும் பதறிவிடுவாள்.

இந்த ஆண்டு மே பதினேழு, நார்வேயின் தேசிய நாள் உரை அவளுடையது. பேருந்து ஓட்டுகிறவருக்கு அந்த மேடை கிடைப்பது ஊரில் இதுவே முதல் தடவை. விழாக்குழுத் தலைவி போர்கில்ட் ஒரே நிபந்தனை போட்டாள்: “அன்னிக்காவது வெளியூர்ச் சரக்கு வேணாம். நம்ம மண்ணுல பொறந்த சொல்லா ஒண்ணு எடுத்துப் பேசு.” தூரி யோசிக்கவே இல்லை. முதுகுப் பையைக் குறிக்கும் ‘செக்’கை எடுத்துக்கொண்டாள். பை மாட்டாமல் மலையேறும் நார்வேக்காரன் உண்டா?

விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் அகராதி காலை வாரிவிட்டது. நார்வேயின் முன்னோர் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் அது ‘செக்கர்’. அதற்கு முன் ரோமாபுரியின் லத்தீனில் ‘சாக்குஸ்’. அதற்கும் முன் கிரேக்கத்தில் ‘சாக்கோஸ்’, ஆட்டு மயிரில் நெய்த முரட்டுத் துணி. கிரேக்கருக்கே கிழக்கத்தி வியாபாரிகள் கொடுத்ததாம்.

“போச்சு. வேற சொல் பாத்துக்க. போர்கில்ட் உன்னை உப்புக்கண்டம் போட்டுடுவா,” என்றான் சக ஓட்டுநர் ஸ்டெய்னார்.

“ஏன் பாக்கணும்? இவ்ளோ தூரம் நடந்து நம்ம வீட்டுக்கு வந்திருக்கு. வாசல்லயே நிறுத்தச் சொல்றியா?”

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரொட்டித் துணுக்கு தெறிக்கச் சிரித்தாள்.

பூனாட் என்னும் மரபு உடையை உடுத்தினால் முதுகில் பை மாட்டக்கூடாது என்பது ஊரில் எழுதாத சட்டம். தூரி பூனாட்டின் மேல் பையை மாட்டிக்கொண்டே மேடையேறினாள். முன்வரிசையில் போர்கில்டின் உதடுகள் இறுகின.

“இந்தச் சொல்லு நம்ம ஊருல பொறக்கல,” என்று ஆரம்பித்தாள் தூரி. “கிரேக்கன் சுமந்தான், ரோமன் சுமந்தான், அப்புறம் நம்ம தோளுக்கு வந்துச்சு. நாம அதுல ரொட்டியும் காப்பியும் வச்சு மலைக்குக் கூட்டிட்டுப் போனோம். இப்பச் சொல்லுங்க, இது யாரு வீட்டுப் புள்ள?”

“நம்ம வீட்டுப் புள்ள,” என்றது கூட்டம். வாத்தியக் குழு முறை வருமுன்னே ஊதத் தொடங்கிவிட்டது.

கீழே இறங்கியவளைப் போர்கில்ட் வழிமறித்தாள். “பூனாட்டு மேல யாராவது பை மாட்டுவாங்களா?”

“கழட்டிடவா?”

போர்கில்ட் கையை நீட்டினாள். தூரியின் தோளில் முறுக்கிக் கிடந்த பட்டையை நேராக்கி, பூனாட்டின் மார்பில் குத்தியிருந்த வெள்ளி அலங்கார ஊசி மறையாதபடி மெல்ல நகர்த்திவிட்டாள்.