கள்ளிச் சாறும் ஒரு ஜெப விண்ணப்பமும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் நாலு பேர் முன்னால் பேசிப் பழகியவள் அல்ல. காக்ஸ் டவுனில் உங்களில் பலருக்கு என்னைப் பாடகர் குழு ஸ்டீபனின் மனைவியாகத்தான் தெரியும். அந்த ஸ்டீபன் இன்று உயிரோடு இருப்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் கணவருக்கு இரண்டு வருடமாக மன அழுத்தம். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தினமும் காலையில் சாப்பிடுவார். சபையில் யாருக்கும் தெரியாது. விசுவாசிக்கு எதற்கு மன அழுத்தம் என்று கேட்டுவிடுவார்களே! அதனால் சபையின் ஜெபக் குழுவில், "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரனின் சுகத்திற்காக" என்றுதான் வாட்ஸப்பில் எழுதுவேன். அந்தச் சகோதரன் என் பக்கத்தில் உட்கார்ந்தே ஆமென் போடுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பொம்மசந்திரா கம்பெனியில் அவரோடு வேலை பார்க்கும் பிரவீன், ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் நடந்த முகாமுக்கு அழைத்துப் போனார். மனதுக்கு நல்லது என்று மட்டும் சொன்னார்கள். மறுநாள் காலை போன் பண்ணி, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இப்பதான் போட்டேன். இங்க ஏதோ கஷாயம் குடுக்கறாங்க, குடிச்சிட்டுப் பேசறேன்."

அவர் பேசவில்லை. ஆராதனை முடிவதற்குள் பிரவீன்தான் அழைத்து, இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். ஓடினேன். இவருக்குக் கை கால் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. என்னைப் பார்த்து, "யாரு?" என்றார். எந்த மனைவிக்கும் அந்தக் கேள்வி வர வேண்டாம்.

டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். "அங்க என்ன குடிச்சாரு?" என்று கேட்டார்.

பிரவீன் தரையைப் பார்த்தபடி, "கஷாயம்தான் சார், ஃபுல்லா நேச்சுரல். போன தடவை நானும் குடிச்சேன், வாந்தி மட்டும்தான் வந்துச்சு. என்ன செடின்னு தெரியாது சார்" என்றார். முகாம் நடத்தியவர் போனை எடுக்கவில்லை. "ஹொரகடே இரி அம்மா" என்று கன்னடத்தில் சொல்லி நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

வராந்தாவில் நின்றேன். ஒரு சங்கீதம்கூட நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, அது என்னன்னு யாராவது சொல்லணும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. போனை எடுத்துக் குழுவில் வழக்கம்போல "பெயர் சொல்ல விரும்பாத" என்று தொடங்கினேன். அழித்தேன். "என் கணவர் ஸ்டீபன். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு முகாமில் எதையோ குடித்துவிட்டார். என்னவென்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெபியுங்கள்" என்று எழுதி, தோட்டம் இருக்கும் இடத்தையும் போட்டேன். அனுப்பியதும் மானம் போயிற்று என்றுதான் முதலில் தோன்றியது.

வரிசையாக ஆமென்கள் வந்தன. நடுவில் ஞாயிறு பள்ளி ரூபி அக்கா அழைத்தார். தன் மகனைப் பற்றி அதுவரை வாயே திறக்காதவர்.

"எம் பையனும் அங்கதாம்மா போனான். அது வெளிநாட்டுக் கள்ளிச் செடிச் சாறு. போதை. குடிச்சா கண்ணுக்கு என்னென்னவோ தெரியுமாம். டாக்டர்கிட்ட ஓடு!"

ஓடிப்போய்ச் சொன்னேன். "மூளைக் காய்ச்சலான்னு தேடிட்டிருந்தோம்மா" என்றார் டாக்டர். "இந்த மாதிரி மாத்திரையோட அது சேர்ந்தா சில பேருக்கு இப்படி ஆகலாம். யாருக்கு ஆகும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது."

அதற்கேற்ற சிகிச்சை தொடங்கினார்கள். பிழைப்பார் என்று அப்போதும் யாரும் உறுதி சொல்லவில்லை. ஐசியூ கண்ணாடிக்கு வெளியே காத்துக் கிடந்தேன். ஒரு நாள் காலையில் கண் திறந்து, "ஸ்டெல்லா, பசிக்குது" என்றார். என் பெயர்! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் தேவனுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

அவருக்கு இன்னும் கை சற்று நடுங்குகிறது. டாக்டர் சொன்னபடி சிகிச்சையும் தொடர்கிறது. போன வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் அவரே எழுந்து, "எனக்கு மன அழுத்தம் இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். பிறகு பின்னாலிருந்து மெதுவாக, "எனக்கும்" என்று ஒரு குரல். ரூபி அக்காவின் மகன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள். அதோடு வேறெதையும் குடிக்க விடாதீர்கள். ஆண்டவரை நம்புங்கள். அவர்களுக்காக அவரிடம் கேளுங்கள், பெயர் சொல்லியே கேளுங்கள்.