கழுவச் சொன்னது யார்?

என் அண்ணனை வேலையிடத்தில் எல்லோரும் 'சுண்ணாம்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். தாவரத் தோட்டத்துக் கண்ணாடி வீட்டின் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அதைக் கழுவி எடுப்பதும் அவன் வேலை. விரலெல்லாம் வெடித்து, நகத்தோரம் எப்போதும் வெள்ளை. "இந்த மனுஷன் சாப்பிட உக்காந்தா சோறு எது, கை எதுன்னே தெரியல" என்பாள் அண்ணி.

நான் அதே தோட்டத்து வாசலில் நுழைவுச்சீட்டுக் கொடுக்கிறவள். ஊரெல்லாம் வேறு கதை பேசுகிறது. நடந்ததை நான் சொல்கிறேன்.

கண்ணாடி வீட்டில் இருப்பவை பெரணிகள், அடர்ந்த மரங்களுக்கடியில் வளர்கிற நிழல்செடிகள். கோடை தொடங்கும்போது, வெயிலை மறைக்க, அண்ணன் கூரையின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசுவான். வெயில் தணிந்ததும் கழுவுவான். அதையும் ஒரேயடியாகச் செய்ய மாட்டான். ஒரு வரிசை கழுவி, சில நாள் விட்டு அடுத்த வரிசை. வெளிச்சத்துக்கு இலை பழகிக்கொள்ள வேண்டுமாம். ஏணியை விட்டு இறங்கியதும் உள்ளே போய் ஒவ்வொரு தொட்டியாகத் தொட்டுப் பார்ப்பான். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அத்தனை தரம் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான்.

நடுக்கோடையில் புது மேலாளர் வந்து சேர்ந்தார். முக்கியமானவர்கள் பார்வையிட வருகிறார்கள், கூரை பளபளக்க வேண்டும் என்றார்.

"எல்லாத்தையும் இன்னிக்கே கழுவிடு."

"சார், வெயில் கொஞ்சம் இறங்கட்டும். இல்லைன்னா வரிசை வரிசையா..."

"செடிக்கு வெயில் கசக்குமாய்யா? அதுக்குச் சாப்பாடே அதுதானே! சொன்னதைச் செய்."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினான்.

வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று செடிகள் பச்சையாகத்தான் நின்றன. பிறகு ஒவ்வொரு தொட்டியாக வெளிறத் தொடங்கின. அண்ணன் தண்ணீர் ஊற்றினான், ஈரச் சாக்கை விரித்தான். இலைகள் வெள்ளையாகி, ஓரம் கருகித் தொங்கின.

தோட்டத்து ஆய்வகத்தில் செடிகளைச் சோதிக்கிற அம்மா வந்து இலையில் ஒரு கிளிப்பை மாட்டி, கொஞ்சநேரம் இருட்டில் வைத்து, ஒரு சின்னக் கருவியால் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"வெளிச்சத்தைப் பிடிச்சுச் சாப்பாடாக்குற ஒரு அமைப்பு இலைக்குள்ள இருக்கு. அந்த வெளிச்சமே அதை உடைக்கவும் செய்யும். தினமும் உடையும், தினமும் இலையே சரிபண்ணிக்கும். இது நிழல்லயே வளர்ந்த இலை. திடீர்னு அவ்வளவு வெளிச்சம் விழுந்தா அதால செலவழிக்க முடியாது. மிச்சம் உள்ளுக்குள்ளேயே எல்லாத்தையும் நாசம் பண்ணிடும். சரிபண்றதுக்குள்ள அடுத்தது உடைஞ்சிடும். உங்க அண்ணன் மேல தப்பே இல்லைம்மா."

செடிகள் செத்ததற்கு அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். இதைச் சொன்ன அதே வாய் அன்று திறக்கவில்லை. "இவன் சுண்ணாம்புத் தண்ணியை உள்ள கொட்டியிருக்கான். சுண்ணாம்பு விஷம். அதான் செடி செத்துச்சு" என்று மேலாளர் பழியை அண்ணன் தலையில் கட்டினார். கூரையில் கழுவுகிற தண்ணீர் வெளிப்பக்கக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. ஒரு சொட்டு உள்ளே இறங்க வழியில்லை. அந்த அம்மா கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். பொய் சொன்னவரைவிட, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். இன்றைக்கும் அப்படித்தான்.

அண்ணன் சுண்ணாம்பு வாளியைத் தொடக் கூடாது, கண்ணாடி வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவானது. அலுவலகத்து ஜன்னல் துடைக்க மாற்றினார்கள். கூரைக்கு மறுபடி பூசினால் கழுவச் சொன்னது தப்பென்று ஆகிவிடுமே! அதனால் அப்படியே விட்டார்கள். மண்ணுக்குள் பிழைத்த வேர்க்கிழங்குகளில் புதுத்துளிர் சுருண்டு கிளம்பியிருந்தது. அண்ணன் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பான்.

"செத்தது ஒரு பக்கம். நான் கொன்னேன்னு சொல்லிட்டாங்களே," என்றான் ஒருநாள். "இந்தத் துளிராவது தப்பிக்கணும்."

போன வாரம் மீந்த நுழைவுச்சீட்டுகளை ஒப்படைக்க மேலாளர் அறைக்குப் போனேன். ஆய்வகத்து அம்மாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயில் மேலாளர் முகத்தில் நேராக விழுந்தது. அண்ணன் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு கூசுதுப்பா, உட்கார முடியல. இந்தக் கண்ணாடிக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு பூசிவிடேன்" என்றார் அவனிடம்.

அண்ணன் துணியை மடித்து வைத்தான். "அது விஷம்னு நீங்கதானே சார் சொன்னீங்க? தொடக் கூடாதுன்னு உத்தரவும் போட்டீங்க."

மேலாளர் கையை உயர்த்தி வெயிலை மறைத்துக்கொண்டார்.

"விஷமில்லைன்னு இப்பவே சொல்லுங்க சார். இதுக்கும் பூசுறேன், அங்கேயும் பூசுறேன். அம்மா, நீங்களாவது சொல்லுங்க."

அந்த அம்மா மறுபடி கைப்பேசியை எடுத்தார். மேலாளர் எழுந்தார். நாற்காலியைக் கரகரவென்று இழுத்து, நிழல் விழுந்த மூலையில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.