ஹைட்ரஜன் மாப்பிள்ளை

என் கடைசி மகனுக்கு முப்பத்து நாலு வயது. ஏழு ஜாதகங்கள் பொருந்தி, ஏழும் கைவிட்டுப் போயின. எட்டாவது நெடுங்காட்டில் அமைந்தது. பெண்ணின் அப்பா காவிரித் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர். நானும் மனைவியும் போய்ப் பெண் பார்த்தோம். தட்டில் மூன்று வடை வைத்தார்கள், சர்க்கரைக்குப் பயந்து ஒன்று தின்றேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

"பையன் கொரியாவுல என்ன வேலைங்க?" என்று கேட்டார்.

"ஹைட்ரஜன் பங்க்ல இன்ஜினியர்."

அவர் முகம் சுருங்கியது. ஏனென்று மூன்றாம் நாள் போனில்தான் தெரிந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். ஹைட்ரோகார்பன் வேணாம்னு ரோட்டுல ஒக்காந்தவங்க நாங்க. அந்த வேலை பாக்குறவருக்கே பொண்ணக் குடுத்தா ஊருல யார் என்னை மதிப்பா?"

இந்தப் பக்கம் 'ஹைட்ரோ' என்று ஆரம்பித்தாலே போதும், மிச்ச வார்த்தையை யாரும் கேட்பதில்லை. வயலில் குழாய் இறக்க வந்தவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். குறை சொல்லவும் முடியாது. அந்தப் போராட்டக் கூட்டத்தில் நானும் ஒருநாள் வெயிலில் நின்றிருக்கிறேன்.

"அது வேறங்க, இது வேற. பெட்ரோலுக்குப் பதிலா வண்டிக்குப் போடறது. புகையே வராது."

"சரி, அத எதுலேர்ந்து எடுக்கறாங்க?"

நான் படித்தது கணிதம். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

"இப்போதைக்குப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுலேர்ந்துதாம்ப்பா, அது கப்பல்ல வருது" என்றான் மகன். "புதுசா ஒரு எடத்துல கரண்ட்ட வச்சுத் தண்ணியப் பிரிச்சும் எடுக்குறாங்க." பிறகு வழக்கமான பல்லவி. அவன் போனபோது அந்த ஊரில் இரண்டு பங்க், இப்போது ஐந்து. ஜப்பானில் கார், சீனாவில் லாரி, நம் நாட்டிலும் பஸ் விட்டுப் பார்க்கிறார்கள். "ஆசியா முழுக்க வருதுப்பா. நம்ம காரைக்காலுக்கும் வரும்."

"அதெல்லாம் வரும். ஒனக்குப் பொண்ணுதான் வரல" என்றாள் மனைவி, எனக்குப் பின்னாலிருந்து.

எனக்கு அலுப்பாக இருந்தது. எங்கள் தெருமுனைப் பெட்ரோல் பங்க்கில், விலை குறைவென்று எல்லை தாண்டி வந்த தமிழ்நாட்டு வண்டிகள் அன்று காலை மட்டும் பத்தொன்பது நின்றன. அந்த வரிசை குறைந்து நான் பார்த்ததில்லை.

"தண்ணியிலேர்ந்துன்னு மட்டும் சொல்லுங்க. அதுவும் நெசந்தானே?" என்றாள் மனைவி. எனக்குப் பாதிக் கணக்குச் சொல்ல வராது. நெடுங்காட்டுக்கு இரண்டையும் சொன்னேன். "கப்பல்ல வர்றதுதானே, நம்ம வயலத் தோண்டலையே" என்று எரிவாயுவை விட்டுவிட்டார். தண்ணீருக்குக் கொதித்துப் போனார்.

"தண்ணியப் பிரிச்சா வண்டி ஓட்டுறாங்க? வாய்க்கால்ல எப்ப தண்ணி வரும்னு நாங்க இங்க காஞ்சு கெடக்கோம்!"

"வண்டி ஓடுனா மறுபடி தண்ணியாத்தான் கீழ சொட்டுமாம்" என்றேன், சலித்துப்போய்.

"எவ்வளவு சொட்டும்?"

எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கு இது தோன்றவில்லை. மகனிடம் கேட்டேன்.

"அத யாருப்பா அளந்தா?" என்று சிரித்தவன், மறுநாள் பங்க்குக்கு வந்த பஸ் ஒன்றின் அடியில் வாளி வைத்து வீடியோ எடுத்து அனுப்பினான். சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதை அப்படியே நெடுங்காட்டுக்கு அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாயின. அன்று முழுக்கப் பதில் இல்லை. ஒன்பதாவது ஜாதகத்துக்குத் தரகரிடம் சொல்லிவைக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"பாத்தேன் சார். வாளி அடிகூட முழுசா நனையல. இத்துனூண்டு தண்ணிக்கா நான் கோவப்பட்டேன்?"

"ஆமாங்க."

"பொண்ணும் பாத்துச்சு. சிரிச்சுக்கிட்டே நாலு தடவ போட்டுப் பாத்துச்சு." பிறகு கேட்டார்: "மாப்ள எப்ப லீவுல வர்றாரு?"

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது காதில் விழ எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. "தை மாசம்ங்க" என்றேன்.

போனை வைத்ததும் மனைவி சொன்னாள்: "பத்திரிகையில வெறும் இன்ஜினியர்னு போடுங்க. ஹைட்ரஜன்னு அச்சடிச்சீங்க, மண்டபத்துக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க."